அடுக்கு மண்டலத்தின் கண்டுபிடிப்பு

உயரம் கூடக் கூட வளிமண்டலத்தின் வெப்பநிலை குறைந்துகொண்டே செல்லும் என்றே 19ஆம் நூற்றாண்டு அறிவியலாளர்கள் கருதினர். பிரான்சிய வானிலையியலாளர் லியோன் டெசெராங் டி போர், பாரிசு அருகே திராப் நகரில் தாம் நிறுவிய ஆய்வகத்திலிருந்து, தானே பதிவுசெய்யும் வெப்பமானிகளை ஆளில்லாப் பலூன்களில் அனுப்பினார். ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்கு மேல் வெப்பநிலை குறையவில்லை.

வெயில் பட்டுக் கருவி சூடாகியிருக்குமோ என ஐயுற்ற அவர், இரவிலும் பலூன்களை ஏவினார், முடிவு மாறவில்லை. 200க்கும் மேற்பட்ட பலூன்களை ஏவிய பின்னரே, 1902 ஏப்ரலில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் இதனை அறிவித்தார். சில நாட்களில் செருமானியரான ரிச்சர்டு அசுமானும் தனித்து இதே முடிவை வெளியிட்டார்.

இம்மண்டலத்திலுள்ள ஓசோன் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சுவதே இவ்வெப்பத்திற்குக் காரணம் என்பது பின்னர் தெரியவந்தது.