கரிக் கிடங்கு பட்டறையான வரலாறு

அமெரிக்காவின் வடபகுதியில் மிச்சிகன், ஒஹாயோ, பென்சில்வேனியா, நியூயார்க் முதலிய ராஜ்யங்களிலுள்ள பழைய வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தரைமட்டத்துக்குக் கீழே ஒரு முழுத் தளம் உண்டு. நம் நாட்டில் வீடு கட்டுகிறவன் அஸ்திவாரத்துக்காகத் தோண்டிய பள்ளத்தை மண்ணிட்டு நிரப்பித் திமிசு போட்டு, அதன்மேல் தரை எழுப்பிக்கொள்கிறான். அங்கே அப்படிச் செய்வதற்குக் குளிர் இடங்கொடுப்பதில்லை. குளிர்காலத்தில் மேல்மண் மட்டுமன்றி அதற்குக் கீழே மூன்று நான்கு அடி ஆழம் வரையிலும் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து, பருத்து, மேலெழும்புகிறது. அந்த ஆழத்துக்குள் நின்றுவிட்ட அஸ்திவாரம் ஆண்டுதோறும் உயர்ந்தும் தாழ்ந்தும் சுவரைப் பிளந்துவிடும். ஆகவே உறைபனி எட்டாத ஆழம் வரையில் தோண்டியே தீரவேண்டும் என்று ஏற்பட்டபின், இன்னும் சில அடி தோண்டினால் ஆள் நிமிர்ந்து நடமாடக்கூடிய ஓர் இடம் அதிகச் செலவின்றிக் கிடைத்துவிடும் என்று அந்நாட்டுக் கிருகஸ்தர்கள் கண்டுகொண்டார்கள். அந்த நிலவறைதான், பிற்காலத்தில் லட்சக்கணக்கான சாமானிய மனிதர்களுக்குத் தச்சுப் பட்டறையாகவும் ரேடியோ ஆராய்ச்சிக் கூடமாகவும் பயன்பட்டது. அது எவ்வாறு நேர்ந்தது என்பது ஆராயத்தக்க விஷயம். ஏனெனில் அதன் மூலகாரணம் கைத்தொழில் ஆர்வத்தில் இல்லை, எரிபொருளில் இருக்கிறது.

ஆதியில் நிலவறை உருளைக்கிழங்கும் ஆப்பிளும் பக்குவம் செய்த பழ ஜாடிகளும் வைக்கும் இடமாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே வார்ப்பிரும்பாலான கணப்பு உலை வந்து சேர்ந்தது. சூடான காற்று தானே மேலே எழும் என்னும் இயற்கை விதியை நம்பியே அந்த உலை வேலை செய்தமையால், அது வீட்டின் அடித்தளத்தில் இருப்பது அவசியமாயிற்று. நடுவில் உலை நிற்க, அதன் தலையிலிருந்து பருத்த தகரக் குழாய்கள் நாற்புறமும் வளைந்து மேல் அறைகளுக்குச் சென்றன. உலைக்கு இரை நிலக்கரி. கரி வண்டிக்காரன் வீட்டின் பக்கச் சுவரில் பதித்திருந்த சிறு இரும்புக் கதவைத் திறந்து, சரிவுப் பலகை ஒன்றை நுழைத்து, பெருத்த ஓசையுடன் டன் கணக்கில் கரியை உள்ளே கொட்டிவிட்டுப் போவான். உள்ளே பலகைத் தடுப்புகளால் அடைத்த ஒரு மூலை அதை ஏற்றுக்கொள்ளும். பொழுது விடிவதற்கு முன்னே எழுந்து படியிறங்கிச் சென்று, இரவு மூடிவைத்த நெருப்பைக் கிளறிச் சாம்பலை உதிர்த்து, கட்டிபட்டுப்போன கசடுகளைப் பொறுக்கி, புதிதாகக் கரி அள்ளிப் போட்டு, மாலையிலும் படுக்கப் போகுமுன்னும் அதையே மீண்டும் செய்வது அவ்வீட்டு ஆண்மகனின் நித்திய கர்மம். சாம்பல் வாளிகள் ஒரு பக்கம், உடைந்த நாற்காலி ஒரு பக்கம், குழந்தைகள் வளர்ந்தபின் எவருக்கும் வேண்டாத தொட்டில் ஒரு பக்கம், எல்லாவற்றின்மீதும் படிந்த கரித்தூள் என்று கிடந்த அந்த இடத்தில், எவரும் வேலை முடிந்தபின் ஒரு நிமிஷமும் தங்க விரும்பியதில்லை.

1940ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கு எடுக்கையில் அமெரிக்க வீடுகளில் ஏறக்குறைய 55 சதவிகிதம் நிலக்கரியாலேயே கணப்பிடப்பட்டு வந்தன. 1950இல் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. 1960இல் சுமார் 12 சதவிகிதமே எஞ்சிற்று. 1970இல் மூன்று சதவிகிதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் ஒரு தேசத்தின் அடுப்பே மாறிப்போனதற்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1939 நவம்பர் 28ஆம் தேதி கரிப்புகை கவிந்து பகலிலேயே தெரு விளக்குகளை எரியவிட நேர்ந்தது. அடுத்த ஆண்டே அந்நகர சபை புகைக்கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. பிட்ஸ்பர்க் 1941இல் அதைப் பின்பற்றி, இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் 1947இல் வீடுகளுக்கும் அச்சட்டத்தை அமல்படுத்தியது. இவற்றினும் பெரிய காரணம் யுத்தத்தின் விளைவாகவே வந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்தமையால், டெக்ஸாஸிலிருந்து கிழக்குக் கரைக்குத் தரைவழியே எண்ணெய் கொண்டுவர ‘பிக் இஞ்ச்’, ‘லிட்டில் இஞ்ச்’ என்ற இரு பெருங்குழாய்களை அரசாங்கம் 1942க்கும் 1944க்கும் இடையே பதித்தது. 1947இல் அவை தனியார் கம்பெனிக்கு விற்கப்பட்டு, எண்ணெய்க்குப் பதிலாக இயற்கை வாயுவைக் கிழக்குப் பிரதேசத்து நகரங்களுக்குக் கொண்டுவரத் தொடங்கின.

வாயு உலை சிறியது. சுவரோரம் ஒதுங்கி நிற்கும். அதற்குச் சாம்பல் இல்லை, கிடங்கு இல்லை, விடியற்கால ஊழியமும் இல்லை. கரி வண்டி வருவது நின்றுபோன வீட்டில், கருத்த பலகைத் தடுப்புக்குள் ஓர் இடம் திடீரென்று எஜமானற்றதாகிவிட்டது. அதைத் துடைத்துக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து உபயோகத்துக்குக் கொண்டுவரலாம் என்ற எண்ணம் பலருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் அந்த இடத்தை வாசக சாலையாகவோ பூஜை அறையாகவோ ஆக்கிக்கொள்ளாமல், இத்தனை பேர் ரம்பமும் இழைப்புளியும் வைக்கும் இடமாக ஏன் ஆக்கிக்கொண்டார்கள் என்னும் கேள்விக்கு விடை காண, சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

பள்ளிச் சிறுவர்களுக்குப் புத்தகத்தோடு உளியையும் கொடுக்கவேண்டும் என்ற கொள்கை அந்நாட்டில் 1870களிலேயே வேரூன்றியது. கால்வின் உட்வர்ட் என்ற கணித ஆசிரியர் 1879இல் செயின்ட் லூயிஸில் கைத்தொழிற் பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவினார். ஸ்வீடன் தேசத்தில் நேஸ் என்னுமிடத்தில் ஓட்டோ சாலமன் என்பவர் வகுத்த ‘ஸ்லாய்ட்’ முறையும் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தது. தொழிலாளியை உற்பத்தி செய்வது அதன் நோக்கமன்று, மரத்தை நேர்மையாக இழைக்கக் கற்கும் பிள்ளை மனத்தையும் அவ்வாறே பழக்கிக்கொள்வான் என்பதே அதன் சித்தாந்தம். கல்வியைப் பற்றி எழுதப்பட்ட சித்தாந்தங்களில் இதைவிட மேலானவை சிலவே என்று நான் நினைக்கிறேன். இவ்வாறு பயின்ற பிள்ளைகள் வளர்ந்து குமாஸ்தாக்களும் கணக்கர்களும் ஆனார்கள். ஆயினும் அவர்கள் கை மறக்கவில்லை. 1902இல் சிகாகோவில் ஹென்றி ஹேவன் விண்ட்ஸர் தொடங்கிய ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ போன்ற பத்திரிகைகள் மாதந்தோறும் படங்களும் அளவுகளும் கொடுத்து அந்தக் கைகளை விழித்திருக்கச் செய்தன.

யந்திரங்களும் சுருங்கி வீட்டுக்குள் வந்தன. நீராவி யுகத்தில் ஒரு கடைசல் யந்திரம் சுழலவேண்டுமானால் கூரையில் ஓடும் நீண்ட இரும்புத் தண்டும் அதிலிருந்து இறங்கும் தோல் பட்டையும், அவற்றைச் சுழற்றும் எஞ்சினும் வேண்டியிருந்தன. அத்தனையும் தொழிற்சாலைக்கே உரியவை. குதிரைசக்தியில் கால் பங்கு, அரைப் பங்கு என்ற அளவில் சிறு மின்சார மோட்டார்கள் மலிவானபோதுதான் அந்தச் சங்கிலி அறுந்தது. 1919இல் மில்வாக்கி நகரில் ஹெர்பர்ட் டாட்ஸ் ஆரம்பித்த டெல்டா கம்பெனி, ஒரு மேஜைமேல் வைக்கத்தக்க ரம்பங்களையும் கடைசல் யந்திரங்களையும் வீட்டுப் பட்டறைக்காரர்களுக்கென்றே விற்று வந்தது. பொருளாதார மந்தம் தலைவிரித்தாடிய 1933இல், வேலை இழந்தும் வேலை நேரம் குறைந்தும் தவித்தவர்கள் சும்மா இருக்கமாட்டாமல் நிலவறைக்கு இறங்கிய காலத்தில், ‘தேசிய வீட்டுப் பட்டறைச் சங்கம்’ என்ற ஸ்தாபனமும் உருவாயிற்று.

யுத்தத்துக்குப் பின்னர் இந்தப் பழக்கம் ஒரு வெள்ளமாகவே பெருகிற்று. போர்த் தளவாடத் தொழிற்சாலைகளில் கைத்துளைக் கருவியைப் பிடித்துப் பழகிய ஆண்களும் பெண்களும் அதை வீட்டு வேலைக்கும் விரும்பினார்கள். பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனியார் 1917இலேயே கைத்துப்பாக்கியின் பிடியும் விசையும் அமைந்த துளைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றிருந்தவர்கள். 1946இல் கால் அங்குலத் துளைக் கருவி ஒன்றைச் சாதாரணக் குடும்பங்களுக்கென்று 16 டாலர் 95 செண்டுக்கு வெளியிட்டார்கள். மறு ஆண்டு, ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர், ஒரே மோட்டாரில் வட்ட ரம்பம், கடைசல், துளையிடல் முதலிய ஐந்து தொழில்களையும் செய்யும் ‘ஷாப்ஸ்மித்’ என்ற யந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கரி மூலையின் குறுகிய பரப்புக்கு அதைவிடப் பொருத்தமான யந்திரத்தைக் கற்பனை செய்வது கடினம். 1954 ஆகஸ்ட் 2ஆம் தேதிய ‘டைம்’ பத்திரிகை, தன் கையாலேயே செய்துகொள்ளும் இந்தப் பொழுதுபோக்கு நூறு கோடி டாலர் வியாபாரமாகிவிட்டதென்று அட்டையிலேயே அறிவித்தது.

பாழறையைப் பட்டறையாக்குவதற்கு ஒரு சாஸ்திரமே வளர்ந்தது. முதல் சத்துரு ஈரம். சுவரில் கசியும் நீரைச் சிமெண்டுப் பூச்சால் அடைத்து, உளி முதலியவற்றுக்கு எண்ணெய் தடவி, கருவிப் பெட்டியில் துண்டுக் கற்பூரம் போட்டுத் துருவைத் தடுத்தார்கள். இரண்டாவது இருள். சுவரெல்லாம் வெள்ளை அடித்தும், 1938 முதல் விற்பனைக்கு வந்த ஃப்ளூரசெண்ட் குழாய் விளக்குகளை வேலை மேஜைக்கு நேர் மேலே தொங்கவிட்டும் அதை வென்றார்கள். யந்திரத்துக்கு ஒரு மின்கம்பியும் விளக்குக்கு வேறொரு மின்கம்பியும் இருக்கவேண்டும் என்பது அக்கால நூல்கள் வற்புறுத்திய விதிகளுள் ஒன்று. ரம்பம் மரத்தில் சிக்கி ஃப்யூஸ் எரிந்துபோனால், சுழன்று நிற்கும் பற்களின் முன்னே மனிதன் இருட்டில் நிற்கக்கூடாதல்லவா! நீண்ட பலகை முன்னும் பின்னும் செல்ல வேண்டியிருப்பதால் வட்ட ரம்பம் அறையின் நடுவே நிற்கும். மேஜையோ சுவரோடு அசையாமல் பிணைக்கப்பட்டு, வலக்கைக்காரனுக்கு இசைவாக இடது கோடியில் மரத்தை இறுகப் பிடிக்கும் வைஸ் பொருத்தப்பட்டிருக்கும். மரத்தூள் உலையின் சுடரை நெருங்காதபடி இடையே ஒரு தடுப்புச் சுவர் எழுப்புவதில் புத்திசாலிகள் சிரத்தை காட்டினார்கள்.

சில்லறைச் சாமான்களுக்கு அவர்கள் கண்ட உபாயம் எனக்கு மிகவும் பிடித்தமானது. குழந்தை உணவு வரும் சிறு கண்ணாடிக் குப்பிகளின் மூடியை மட்டும் மேல்தளத்து உத்தரத்தில் திருகாணியால் அறைந்துவிட்டு, குப்பியைக் கீழிருந்து திருகி மாட்டினால், ஆணியும் திருகாணியும் அளவு வாரியாகத் தலைக்குமேலே கண்ணுக்குத் தெரியத் தொங்கும், இடமும் அடைபடாது. வில்லியம் மேசன் 1924இல் மிசிசிப்பியின் லாரல் நகரில் மரச் சில்லுக் கழிவிலிருந்து கண்டுபிடித்த அழுத்தப் பலகையில் வரிசையாகத் துளையிட்டுச் சுவரில் பதித்து, கொக்கிகளில் கருவிகளை மாட்டி, ஒவ்வொன்றின் உருவத்தையும் பின்னே வண்ணத்தால் வரைந்துவைப்பது இன்னொரு வழக்கம். இடுக்கி எடுத்த இடத்துக்குத் திரும்பவில்லையென்றால் வெறும் கோடு அதைச் சொல்லிவிடும். 1961இல் பால் சைல்ட் என்பவர் தம் மனைவியான சமையற்கலை நிபுணர் ஜூலியா சைல்டுக்காக, அவ்வழக்கத்தை அப்படியே சமையலறைக்கு எடுத்துச் சென்று, வாணலிகளின் உருவங்களைச் சுவர்ப் பலகையில் வரைந்து கொடுத்தார். அந்தச் சமையலறை இன்று வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சிச் சாலையில் இருக்கிறது.

இத்தனைக்கும் உள்ளே நின்ற தேவை எது என்பதில் என் அபிப்பிராயம் இது. பகலெல்லாம் ஆபீசில் ஒரு பெரிய காரியத்தின் நூறில் ஒரு துண்டை மாத்திரம் செய்துவிட்டு, அதன் ஆதியையும் அந்தத்தையும் காணாமல் வீடு திரும்பும் மனிதனுக்கு, பலகை அறுப்பதிலிருந்து மெருகிடுவது வரையில் ஒரு முக்காலியைத் தானே முடித்துக் காண்பது ஆத்ம திருப்தி அளித்தது. யந்திர நாகரிகம் அவன் பாட்டனிடமிருந்து பறித்ததை, அதே நாகரிகம் மலிவான மோட்டாராகவும் காலியான கரி மூலையாகவும் பேரனுக்குத் திருப்பிக் கொடுத்தது. இந்தப் பாக்கியத்தில் பெண்களுக்கு உரிய பங்கு கிடைக்காமற்போனது பெரிய அநியாயம். யுத்தகாலத்தில் விமானங்களுக்குத் தறையாணி அடித்த அதே கைகளை, சமாதானம் வந்ததும், நிலவறையின் மறுபாதியில் வைத்த சலவை யந்திரத்துக்கே பத்திரிகைகள் அனுப்பி வைத்தன; பட்டறை ஆண்களின் சொத்தென்று எழுதின.

1947இல் வில்லியம் லெவிட் நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் ஆயிரக்கணக்கில் கட்டத் தொடங்கிய வீடுகளுக்கு நிலவறையே இல்லை. கான்கிரீட் பாளத்தின்மேல் நின்ற அவ்வீடுகளில், வெந்நீர்க் குழாய்கள் தரைக்குள்ளேயே ஓடிக் கணப்பிட்டன. அம்முறையைப் பின்பற்றிய இடங்களிலெல்லாம் ரம்பமும் வைஸும் மோட்டார்க் கொட்டகைக்குக் குடிபெயர்ந்தன. பழைய வீடுகளிலோ விளையாட்டு அறை, பின்னர் டெலிவிஷன் அறை என்று நிலவறைக்குப் புதிய போட்டிகள் முளைத்தன. 1961இல் ஜனாதிபதி கென்னடி அணுகுண்டுப் புகலிடங்களைப் பற்றிப் பேசியபின், சிலர் மேஜையை நகர்த்திவிட்டுத் தண்ணீர்ப் பீப்பாய் வைத்ததும் உண்டு.

ஆயினும் அந்த அறைகளிலிருந்து வெளிவந்தவை முக்காலிகளும் பறவைக் கூடுகளும் மாத்திரமல்ல. நியூயார்க்கின் ஃப்ளஷிங் பகுதியில் ஜார்ஜ் மோக் என்ற மின்சாரக் கம்பெனி எஞ்சினியர் தம் வீட்டு நிலவறையில் நல்ல பட்டறையொன்று வைத்திருந்தார். 1934இல் பிறந்த அவருடைய மகன் ராபர்ட், மாடியில் தாயாரின் கண்டிப்பில் பியானோ பயின்று, கீழே தகப்பனாரிடம் ஈயம் பற்றவைக்கக் கற்றான். கையால் தொடாமலே இசை எழுப்பும் ‘தெரமின்’ என்ற மின்வாத்தியத்தைப் பதின்பிராயத்திலேயே அங்கே செய்தான். 1954இல் அதைச் செய்யும் முறையைப் பத்திரிகையில் எழுதி, தகப்பனாரோடு கூட்டாக அவற்றைச் செய்து விற்கவும் தொடங்கினான். பத்தாண்டு கழித்து, 1964இல், ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசைப் பேராசிரியரின் துணையோடு ராபர்ட் மோக் உருவாக்கிய சின்தசைசரில் தாயார் பழக்கிய பியானோவின் கட்டைகளும் தகப்பனார் பழக்கிய மின்சுற்றுகளும் ஒரே வாத்தியமாகச் சேர்ந்து நின்றன.