மணலியில் கலந்த இரு இசைகள்

மொராக்கோவின் அந்தலூசிய இசைக்கலைஞர் வயலினை மடியில் நிமிர்த்தி வாசிப்பர். நம்மவர் தரையிலமர்ந்து அதன் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசிப்பர். மேலைக் கருவியை இரு மண்ணும் தத்தம் மரபிற்கேற்பப் பழக்கிக்கொண்டன.

தமிழகத்தில் அப்பழக்கத்தின் தொடக்கம், இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையால் அறியப்படும் மணலியோடு தொடர்புடையது. அங்கு முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில் இராமசுவாமி தீட்சிதர் குடும்பம் வாழ்ந்தது. புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் வாத்தியக் குழுவின் இசை அவர்தம் மைந்தரின் செவிக்கு எட்டியது. இளையவர் பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்றார். மூத்தவர் முத்துசுவாமி (மறைவு 1835) அம்மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் புனைந்தார், அவையே நோட்டுஸ்வரங்கள். ஆங்கில அரசவாழ்த்தின் மெட்டும் அவர் வாக்கில் அம்பிகை துதியாயிற்று.

ஆளவந்தோரின் கருவி இன்று நம் கச்சேரியின் இன்றியமையாத பக்கவாத்தியம். கலப்பால் மரபு கெடுமென்று அஞ்சுவோர்க்கு மணலி விடை கூறுகிறது: மரபை ஆழக் கற்றவர் கையில் கடனும் செல்வமாகும்.