இங்கிலீஷ் டீச்சர் ஏன் அடிக்கடி செயலமர்வுக்குப் போகிறார்?



"இங்கிலீஷ் டீச்சர் இன்றைக்கும் செமினாராம்." ஊரில் பெற்றோர் இப்படிச் சொல்லும்போது அதிலுள்ள கோபம் எனக்கு விளங்குகிறது. நியாயமான கோபம்தான். பாடவேளை போகிறது, சாதாரண தரப் பரீட்சையும் நெருங்குகிறது. ஆனால் இந்தச் செயலமர்வுகள் ஏன் வந்தன, எங்கே பலன் தந்தன, எங்கே வீணாகிப் போயின என்ற வரலாறு தெரிந்தால் நாம் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

பிரித்தானியர் காலத்தில் நல்ல ஆங்கிலம் கற்பித்த பாடசாலைகள் கட்டணம் அறவிட்டன. தமிழ், சிங்களப் பாடசாலைகள் ஏழைகளுக்கு என்றாகிவிட்டன. நம் பிள்ளைகள் ஆங்கிலமும் படிக்க வேண்டும் என்று அறிஞர் சித்தி லெப்பை அவர்கள் 1880களிலேயே வாதாடினார்கள். இருந்தாலும் கிராமத்துப் பிள்ளைக்கு அந்தக் கதவு நெடுங்காலம் திறக்கவில்லை.

1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. ஆரம்பக் கல்வி தாய்மொழியில், ஆங்கிலம் எல்லாப் பாடசாலைகளிலும் இரண்டாம் மொழியாக என்பது திட்டம். நல்ல திட்டம். ஆனால் அத்தனை பாடசாலைகளிலும் போய் நின்று ஆங்கிலம் கற்பிக்க ஆட்கள் எங்கே? 1956இல் அரசகரும மொழிச் சட்டம் வந்தது. 1960 அளவில் பல்கலைக்கழகக் கலைப் பாடங்களும் தாய்மொழிக்கு மாறின. தாய்மொழியில் படித்ததால்தான் ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் பட்டதாரிகளானார்கள், அதை மறக்கக் கூடாது. ஆனால் அடுத்த தலைமுறை ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் வாரத்தில் சில பாடவேளைகளில் மட்டும் கண்ட ஒரு பாடமாகிவிட்டது.

பாடத்திட்டம் ஆங்கிலத்தை 'இரண்டாம் மொழி' என்கிறது. நம் ஊரில் சந்தையில், பள்ளிவாசலில், வயலில் எங்கே ஆங்கிலம் கேட்கிறது? பெயர்தான் இரண்டாம் மொழி, நடைமுறையில் அந்நிய மொழி. சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பெயர் 'கடுவ', அதாவது வாள். வைத்திருப்பவன் வெட்டுவான், இல்லாதவன் வெட்டுப்படுவான்.

இதனால் நாட்டில் ஒரு வழக்கம் உருவானது. முதலில் நியமனம், பிறகு பயிற்சி. கையில் இருக்கிற ஆங்கிலத்தோடு ஆசிரியர் வகுப்புக்குள் போனார். அவருடைய மொழியையும் கற்பிக்கும் முறையையும் வேலை செய்துகொண்டே வளர்க்க வேண்டியிருந்தது. ஆங்கில ஆசிரியர் செயலமர்வுகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1980களில் இதற்கு ஒரு ஒழுங்கு வந்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மஹரகமையில் தேசிய கல்வி நிறுவகம் உருவானது. கல்வியியற் கல்லூரிகள் தொடங்கின. அவற்றுள் பஸ்துன்ரட்டையும் பேனிதெனியவும் ஆங்கில ஆசிரியர்களை உருவாக்கின. மாவட்டங்களில் ஆங்கில மேம்பாட்டு நிலையங்கள் வந்தன. பயிற்சி பெறாத பல ஆங்கில ஆசிரியர்கள் தங்கள் சொந்த ஆங்கிலத்தைத் திருத்திக்கொண்டது அங்கேதான்.

1990களில் பிரித்தானிய உதவியோடு ஆரம்பப் பிரிவு ஆங்கில ஆசிரியர்களுக்கான சேவைக்காலப் பயிற்சித் திட்டம் ஒன்று நடந்தது. 'பிரின்செட்' என்பார்கள். ஆர்.ஈ.எஸ்.சி. என்று நாம் சொல்லும் பிராந்திய ஆங்கில உதவி நிலையங்கள் 30 அளவில் நாடெங்கும் இதில் இயங்கின. ஒரு குழு நிலையப் பயிற்றுநர்களைப் பயிற்றும், அவர்கள் தத்தம் பகுதி ஆசிரியர்களைப் பயிற்றுவார்கள்.

மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கும் இந்த முறையில் ஒரு பெரிய அபாயம் உண்டு. குளத்தில் திறந்துவிட்ட தண்ணீர் கடைசி வயலுக்குப் போகும்போது எவ்வளவு மிஞ்சும்? வயல் செய்கிற ஊருக்கு அதை விளக்கத் தேவையில்லை. மேலே 2 வாரம் நடந்த பயிற்சி வலயத்தில் 2 நாளாகி, பாடசாலைக்கு வரும்போது ஒரு போட்டோகொப்பியாகிவிடும்.

ஒரு உதாரணம். 2 பிள்ளைகளிடம் கொஞ்சம் வித்தியாசமான 2 படங்களைக் கொடுப்போம். ஒருவர் படத்தை மற்றவர் பார்க்கக் கூடாது. ஆங்கிலத்தில் கேட்டுக் கேட்டு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பயிற்சியில் தானே இதைச் செய்துபார்த்த ஆசிரியருக்கு, பிள்ளை எந்தச் சொல்லில் தடுமாறும், எப்போது தாய்மொழிக்குத் தாவும் என்பதெல்லாம் தெரியும். தாளில் வாசித்துவிட்டு வருபவரின் வகுப்பில் 2 பிள்ளைகளும் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, விடையைக் கொப்பியில் எழுதி முடித்துவிடுவார்கள். செயற்பாடு நடந்தது, ஆங்கிலம் பேசப்படவில்லை.

பிரின்செட்டில் பணியாற்றிய டேவிட் ஹேய்ஸ் 2000ஆம் ஆண்டு இதைப் பற்றி எழுதினார். படிமுறைப் பயிற்சி என்பதாலேயே தோல்வி வர வேண்டியதில்லை என்பது அவர் முடிவு. ஆசிரியர் கேட்டுக்கொண்டிருக்காமல் செய்து பார்த்துச் சிந்திக்க வேண்டும். தன் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் உரிமை அவருக்கு வேண்டும். அறிவு மேல்மட்டத்தில் தேங்காமல் எல்லா மட்டத்திலும் பரவ வேண்டும். 25 வருடம் கழிந்தும் நாம் இன்னும் சரியாகப் பிடித்துக்கொள்ளாத பாடம் இது.

அதற்குப் பிறகும் திட்டங்கள் வந்தன. 1999இல் தரம் 1 பிள்ளைகளுக்கு வாய்மொழி ஆங்கிலம் வந்தது. அதைக் கற்பிக்கும் பொறுப்பு சாதாரண வகுப்பாசிரியர் தலையில் விழுந்தது. 2009 ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அறிவிக்கப்பட்டது. ஆங்கிலம் ஒரு வாழ்க்கைத் திறன், நம்முடைய பாணியிலேயே பேசலாம் என்றார்கள். பயிற்றுநர்கள் ஹைதராபாத்துக்கும் போய்ப் படித்து வந்தார்கள். உச்சரிப்புப் பயத்தில் வாய் திறக்காதவர்களுக்கு அது ஒரு நல்ல செய்தி. ஆனால் பணம் முடிந்ததும் பயிற்சியும் குறைவது, அடுத்த திட்டம் முந்தியதை மறந்துவிட்டுத் தொடங்குவது, இதுதான் நம் நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

இந்த வரலாற்றில் எனக்குத் தெரியும் பாடம் ஒன்றுதான். ஆசிரியருக்குக் கிட்டவாகவும் தொடர்ந்தும் நடந்த பயிற்சிதான் வகுப்பறை வரை வந்தது. ஒரு நாள் மண்டபத்தில் கூட்டி, தேநீர் கொடுத்து, கையொப்பம் வாங்கி அனுப்பியது வரவுப் பதிவேட்டோடு நின்றுவிட்டது.

இதில் ஊருக்கும் பங்கு உண்டு. செயலமர்வு வேண்டாம் என்று கேட்காதீர்கள். அது இல்லையென்றால் மிகப் பின்தங்குவது நம் பிள்ளைகள்தான், கொழும்புப் பிள்ளைக்கு வீட்டிலேயே ஆங்கிலம் இருக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இப்படிக் கேளுங்கள்: செயலமர்வில் படித்ததை ஆசிரியர் வகுப்பில் செய்து பார்த்தாரா? செய்ய என்ன பொருள் வேண்டும்? ஓர் ஆங்கில ஆசிரியர் மற்றவரின் பாடத்தைப் போய்ப் பார்க்க அதிபர் மாதம் ஒரு பாடவேளை ஒதுக்குவாரா? சேவைக்கால ஆலோசகர் கடைசியாக எப்போது வகுப்புக்குள் வந்தார்?

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. கொஞ்சம் தாள், கொஞ்சம் நேரம், கேட்கிற ஆட்கள் போதும். வாண்மை விருத்தி என்று அரசாங்கம் பெரிய பெயர் வைத்திருக்கிறது. ஊர் விடாமல் கேட்டால் அது நம் பிள்ளையின் வாய்வரை வந்து சேரும், இன்ஷா அல்லாஹ்.