நேரடி வளர்ச்சித் தவளைகளின் எலும்புக்கூடு

சில தவளை இனங்களில் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே கால்கள் முளைத்து, குட்டித் தவளையாகவே வெளிவரும். இதற்கு நேரடி வளர்ச்சி என்று பெயர். தவளைகளின் பல கிளைகளில் இது தனித்தனியே தோன்றியிருக்கிறது. மிகுதியாக ஆராயப்பட்டது புவேர்ட்டோ ரிக்கோத் தீவின் கோக்கித் தவளை. நீருக்கு வெளியே இடப்படும் முட்டைகளை ஆண் தவளை மேலே அமர்ந்து ஈரம் காயாமல் காக்கும். ஏறக்குறைய மூன்று வாரங்களில் குட்டி தன் முட்டைப்பல்லால் உறையைக் கிழித்துக்கொண்டு வரும். அப்போது குட்டை வால் ஒன்று மிச்சமிருப்பதும் உண்டு.

நேரடி வளர்ச்சியில் விட்டுப்போனது என்ன என்பது தலைப்பிரட்டையின் மண்டையைப் பார்த்தால்தான் புரியும். பாசியைச் சுரண்டித் தின்பதற்கென்றே அமைந்த குருத்தெலும்புப் பொறி அது. வாய் முகநுனிக்கு அடியில் ஒரு சிறு துளை. மேலும் கீழும் தனிக் குருத்தெலும்புகள். அவற்றின் மேல் கொம்புப் பொருளாலான அலகு. தலைப்பிரட்டை தவளையாகும் உருமாற்றத்தில் மேல்தாடைக் குருத்தெலும்புகள் கரைந்துபோகும், கீழ்த்தாடை நீளும், தாடை மூட்டு பின்னோக்கி நகரும். தாடை எலும்புகள் உருவாவதும் பெரும்பாலும் அப்போதுதான். மண்டையின் தளமும் கூரையும் அதற்கு முன்பே எலும்பாகத் தொடங்கியிருக்கும்.

கோக்கியில் இந்தப் பொறியின் பல பாகங்கள் கட்டப்படுவதேயில்லை. ஜேம்ஸ் ஹாங்கனும் குழுவினரும் 1992இல் வெளியிட்ட ஆய்வின்படி, மேல்தாடைக்கான தலைப்பிரட்டைக் குருத்தெலும்புகள் கருவில் தோன்றுவதில்லை. மற்றவை பாதி உருமாறிய வடிவிலேயே தொடங்குகின்றன. கீழ்த்தாடை முந்திக்கொண்டு எலும்பாகிறது. கால் மொட்டுகளும் மிக முன்னதாகவே எழுகின்றன. சதையைத் தெளிவாக்கிச் சாயமேற்றிய கருவில் இந்த மாற்றத்தைக் கண்ணால் காணலாம்: குருத்தெலும்பு நீலமாகவும் எலும்பு சிவப்பாகவும் தெரியும்.

உருமாற்றம் அடியோடு மறைந்துவிட்டது என்று இதைக் கொண்டு முடிவுகட்ட முடியாது. கோக்கிக் கருவிலும் தைராய்டு ஹார்மோனைத் தடுத்தால் பிற்பகுதி வளர்ச்சி நின்றுவிடுவதை 2000இல் வெளியான சோதனை காட்டியது. தலைப்பிரட்டையை மாற்றும் அதே ஹார்மோன் இங்கே முட்டைக்குள் வேலைசெய்கிறது.

எல்லா இனங்களும் கோக்கியின் வழியில் செல்வதில்லை. இலங்கையின் புதர்த்தவளைகளில் ஒன்றான சூடோஃபிலாட்டஸ் சைலஸ் பற்றிய ஆய்வு 2007இல் வெளிவந்தது. கோக்கி கைவிட்ட மேல்தாடைக் குருத்தெலும்புகள் இதன் கருவில் உருவாகின்றன. கீழ்த்தாடையும் முதலில் தலைப்பிரட்டையின் வடிவில் அமைந்து, பொரிப்பதற்குள் தவளைத் தாடையாக மாறிவிடுகிறது. சுரண்டித் தின்னப் பாசியே இல்லாத முட்டைக்குள் இத்தனை வேலை! ஆனால் தாடையைத் தாங்கும் குருத்தெலும்பும் நாவடிச் சட்டகமும் முழுமையான தலைப்பிரட்டை வடிவை எட்டுவதேயில்லை. எலும்பாதல் பொரிப்பதற்கு முன்பே தொடங்கினாலும், அதன் வரிசை உருமாறும் தவளைகளின் வரிசையையே பெரிதும் ஒத்திருக்கிறது. கோக்கியைப்போல் கீழ்த்தாடை இங்கே முந்துவதில்லை.