தோற்ற சண்டையும் துரைமார் வைத்த பெயரும்

நானுஓயாவில் கோச்சியை விட்டு இறங்கி எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஸ்கொட்லாந்து வரைபடத்துக்குள் நுழைந்துவிடலாம். எடின்பரோ தோட்டம் இங்கேயே இருக்கிறது. கிளாசோவும் இருக்கிறது, ஸ்கொட்லாந்தின் வடகிழக்கில், பான்ஃப்ஷயர் கரையோரம் அதே பெயரில் ஒரு பழைய மாளிகை உண்டு. தலவாக்கலைப் பக்கம் போனால் ஹொலிரூட். டிக்கோயாவில் டன்கெல்ட், ஃபோர்டைஸ். பூண்டுலோயாவில் டன்சினன், ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வந்ததால் பெயர் பெற்றது என்றாலும் அதுவும் அங்கே உள்ள ஒரு நிஜ மலைதான். இப்படி எல்லாம் ஊரும் மலையும் மாளிகையுமாக இருக்க, அக்கரப்பத்தனையில் இருக்கும் வேவர்லி மட்டும் வேறு சாதி. அது ஒரு நாவலின் பெயர். தோட்டத்துக்குப் பெயர் வைத்த துரை எடின்பரோ ரயில் நிலையத்தை நினைத்து வைத்திருந்தாலும் சரி, அந்த நிலையத்துக்கும் நாவலின் பெயரைத்தான் வைத்தார்கள். கதையில் இருந்து ஸ்டேஷனுக்கும், அங்கிருந்து நம் மலைக்கும் வந்த பெயர்.

1814இல் ஆசிரியர் பெயர் போடாமல் வெளிவந்தது 'வேவர்லி'. எழுதியவர் வால்டர் ஸ்கொட். ஐரோப்பிய வரலாற்று நாவல் என்ற வகையே இதிலிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். எட்வர்ட் வேவர்லி என்ற ஆங்கிலேய இளைஞன் படை அதிகாரியாக ஸ்கொட்லாந்துக்குப் போகிறான். வடக்கு மலைநாட்டின் அழகிலும் வீரத்திலும் ஒரு பெண்ணிலும் மயங்கிக் கிளர்ச்சிக்காரர்களோடு சேர்கிறான். எல்லாம் தோற்றபின் மன்னிப்புப் பெற்று, வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக வாழ்கிறான்.

பின்னணியில் உள்ள கிளர்ச்சி உண்மையானது. அரியணை இழந்த ஸ்டுவர்ட் வம்சத்து இளவரசன் சார்ல்ஸ் எட்வர்ட் 1745இல் ஸ்கொட்லாந்தில் வந்து இறங்கினான். எடின்பரோவைப் பிடித்து ஹொலிரூட் அரண்மனையில் தர்பார் நடத்தினான். இங்கிலாந்துக்குள் டார்பி வரை போய்த் திரும்பினான். 1746 ஏப்ரல் 16ஆம் திகதி இன்வர்னஸ் அருகே கலோடன் மேட்டில் ஒரு மணித்தியாலத்துக்குள் கதை முடிந்தது. பிறகு மலைநாட்டவருக்கு ஆயுதம் தடை; கட்டம் போட்ட அவர்களின் உடுப்பும் தடை. அந்த உடுப்புத் தடை 1782 வரை நீடித்தது.

இதை 'இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் நடந்த சண்டை' என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஆனால் கலோடனில் அரசபடைச் செஞ்சட்டைக்குள்ளும் ஏராளமான ஸ்கொட்லாந்துக்காரர்கள் இருந்தார்கள். சார்ல்ஸ் இங்கிலாந்தையும் ஸ்கொட்லாந்தையும் ஒன்றாக்கிய 1707ஆம் ஆண்டின் இணைப்பை ஏற்க மறுத்தான் என்பது மெய். ஆனால் அவனுக்கு வேண்டியிருந்தது லண்டன் சிம்மாசனமும்தான். வம்சச் சண்டை, மதச் சண்டை, குலச் சண்டை எல்லாம் சேர்ந்து பிசைந்த சண்டை அது. அதை விடுதலைப் போராக வாசிக்கும் பழக்கம் பிற்பாடு வந்தது.

ஸ்கொட் அப்படி வாசித்தவர் அல்லர். அவர் டோரி, இணைப்பின் ஆதரவாளர். தோற்றவர்களுக்காக உருக்கமாக அழலாம், ஆனால் அந்தக் கணக்கு முடிந்துவிட்டது என்பதுதான் அவர் கட்சி. 1822 ஓகஸ்டில் நாலாம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது வரவேற்பு முழுவதையும் நாடகம் போல அமைத்தவரும் ஸ்கொட்டே. கலோடனில் மலைநாட்டவரை நசுக்கிய தளபதி கம்பர்லண்ட் கோமகன் இந்த மன்னருடைய பாட்டனாரின் தம்பி. அந்தக் குடும்பத்தின் பருத்த மன்னர், ஒரு காலத்தில் தடை செய்யப்பட்டிருந்த அதே கட்டங்கட்டிய பாவாடையை உடுத்தி, வெறுங்கால் தெரியாதபடி தோல்நிறக் காலுறையும் மாட்டிக்கொண்டு, அதே ஹொலிரூட் அரண்மனையில் பிரமுகர்களுக்குக் காட்சி தந்தார். ஊரே சிரித்தது, ஊரே கட்டத்துணியும் தைத்துக்கொண்டது. தோற்றவனின் உடுப்பை வென்றவனுக்குப் போட்டுவிட்டால் பகை ஒழிந்தது என்பது கணக்கு. நூறாண்டுக்கு மேல் அந்தக் கணக்கு பலித்தது என்றே சொல்ல வேண்டும்.

நம் கல்கி, ஸ்கொட்டை விரும்பிப் படித்தவர். சரித்திரக் காதல்கதை அரசியலில் எப்படியெல்லாம் புழங்கும் என்று 'பொன்னியின் செல்வன்' வாசித்து வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சோழக் கொடியை யார் யார் ஏந்தினார்கள் என்று நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

ஒருபுறம் கதை இணைப்புக்கு உழைத்தது. மறுபுறம் கதையில் தோற்ற ஆட்களும் பேரரசுக்கு உழைக்கப் புறப்பட்டார்கள். ஃபிரேசர் குலத்தலைவர் லொவட் பிரபு கிளர்ச்சியில் கலந்ததற்காக 1747இல் லண்டனில் தலை வெட்டப்பட்டார். கிளர்ச்சியில் குலத்தாரை நடத்திச் சென்ற அவர் மகன் சைமன் ஃபிரேசர், பத்தே ஆண்டில், 1757இல், அதே அரசனுக்காக ஒரு மலைநாட்டுப் படைப்பிரிவைத் திரட்டினார். அது 1759இல் கியூபெக்கில் சண்டை போட்டது.

இலங்கை மலைக்கு வந்த துரைமாரில் பெரும்பாலோர் கலோடன் வீரர்களின் வழி வந்தவர்கள் அல்லர். அபர்டீன், கின்கார்டின் பக்கத்தில் காணி போதாத குடும்பங்களின் பையன்களே அதிகம். 1852இல் வந்து, 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் கின்கார்டின்காரர். ஆனால் அதற்குள் ஸ்கொட் தைத்துக் கொடுத்த கதை எல்லா ஸ்கொட்லாந்துக்காரருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டிருந்தது. டிம்புள்ளப் பகுதியில் ஒரு தோட்டத்துக்கு அபொட்ஸ்போர்ட் என்று பெயர். அது ஸ்கொட் கட்டி வாழ்ந்த வீட்டின் பெயர். அதன் சொந்தக்காரராயிருந்தவர் 'சிலோன் ஒப்சர்வர்' ஆசிரியர் ஏ. எம். பெர்குசன். கீழ்நாட்டில் களுத்துறைப் பக்கம் இறப்பர் தோட்டம் ஒன்றுக்குக் கலோடன் என்றே பெயர். 1869இல் கோப்பியில் நோய் கண்டு தேயிலை ஏறிவந்தது. 1885இல் ரயில் நானுஓயாவை எட்டியது. தோட்டப் பெயர்கள் தேயிலைப் பெட்டியில் அச்சாகிக் கொழும்புக்கும் லண்டனுக்கும் இறங்கின. காடு வெட்டியவர்களின் பெயர் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் இருந்தது.

இனி ஒரு பெரிய தாவல்.

அமெரிக்காவில் அரிசோனாவில் இருந்த டயானா கபல்டன் 1980களின் கடைசியில் 'டொக்டர் ஹூ' தொடரின் பழைய அத்தியாயமொன்றில் கட்டப்பாவாடை உடுத்திய ஸ்கொட்லாந்துப் பையன் ஒருவனைப் பார்த்துக் கதை எழுத உட்கார்ந்தார். 1991இல் 'அவுட்லாண்டர்' வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கணவனோடு ஸ்கொட்லாந்துக்கு வரும் கிளேர் என்ற ஆங்கிலேயத் தாதி, கல்வட்டம் ஒன்றைத் தொட்டு 1743க்குப் போய் விழுகிறாள். மலைநாட்டு இளைஞன் ஜேமி ஃபிரேசரைக் கட்டிக்கொள்கிறாள். வேவர்லியின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, ஆணுக்குப் பதில் பெண். ஒரு வித்தியாசம் முக்கியமானது: கலோடனில் தோற்கப்போகிறார்கள் என்று கிளேருக்கு முன்பே தெரியும். ஸ்கொட் வாசகனை 'நடந்தது நடந்தது' என்று ஆற்றினார். இந்தக் கதை 'நடக்காமல் தடுக்க முடியுமா' என்று பதற வைக்கிறது. தோல்வியை மறுபடி திறந்து பார்க்கும் கதை அது.

ரொனல்ட் மூர் இதைத் தொலைக்காட்சித் தொடராக்கினார். படப்பிடிப்பு ஸ்கொட்லாந்திலேயே நடந்தது. அமெரிக்காவில் ஸ்டார்ஸ் அலைவரிசையில் 2014 ஓகஸ்ட் 9ஆம் திகதி முதல் அத்தியாயம் வந்தது. ஸ்கொட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்ற சர்வசன வாக்கெடுப்பு செப்டெம்பர் 18ஆம் திகதி. இடையில் சரியாக நாற்பது நாள்.

ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு காட்சி. குலத்தலைவரின் தம்பி டூகல் ஊர் ஊராக வாடகை வசூலிக்கப் போகிறான். இரவில் சாராயக்கடையில் கூட்டம் சேர்த்து கேலிக் மொழியில் முழங்குகிறான். பேச்சின் உச்சத்தில் ஜேமியின் சட்டையைப் பின்னாலிருந்து கிழித்து, செஞ்சட்டை அதிகாரி சாட்டையால் உரித்த முதுகைச் சனங்களுக்குக் காட்டுகிறான். காசு விழுகிறது. அடுத்த ஊரிலும் அதே பேச்சு, அதே கிழிப்பு. கேலிக்குக்கு எழுத்துவரி போடாததால், கிளேரைப் போலவே நாமும் இவன் தன் பைக்குத்தான் சேர்க்கிறான் என்று நினைக்கிறோம். காசு உண்மையில் போவது ஸ்டுவர்ட் இளவரசனின் படைக்கு. ஜேமிக்கோ தன் காயத்தை உண்டியலாக்குவது பிடிக்கவில்லை. தொடரைப் பற்றி வந்த விமர்சனங்கள் பலவற்றைவிட இந்த ஒரு காட்சி அதன் அரசியலை நன்றாகச் சொல்லிவிடுகிறது.

பிரித்தானியாவில் அப்போது தொடர் வரவில்லை. 2015 மார்ச்சில்தான் அமேசன் பிரைம் வழியாக வந்தது. அடுத்த மாதம் விக்கிலீக்ஸ் வெளியிட்ட, தொடரைத் தயாரித்த சோனி நிறுவனத்து மின்னஞ்சல்களில் ஒன்று 2014 ஜூனில் எழுதியது. பிரதமர் டேவிட் கமரனைச் சந்திக்கப் போகும் மேலதிகாரிக்கான குறிப்பு. ஸ்கொட்லாந்து பிரிவதைப் பற்றி யோசிக்கும் வேளையில் 'அவுட்லாண்டர்' முக்கியமாகிறது என்ற பொருளில் ஒரு வரி அதில் இருந்தது. வாக்கெடுப்புக்கு முன் காட்ட விடாமல் அமுக்கிவிட்டார்கள் என்று தனிநாட்டு ஆதரவாளர்கள் கொதித்தார்கள். மின்னஞ்சலில் 'தாமதப்படுத்து' என்ற வேண்டுகோள் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு காதல் தொடர் பிரதமர் சந்திப்பின் பேசுபொருள் பட்டியலில் ஏறியது. அதுவே போதிய விசேஷம்.

ஏறியதற்குக் காரணமும் உண்டு. 1995இல் 'பிரேவ்ஹார்ட்' படம் வந்தபோது ஸ்கொட்லாந்துத் தேசியக் கட்சி தியேட்டர் வாசல்களில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுத்தது. 1997 செப்டெம்பர் 11ஆம் திகதி, தனிப் பாராளுமன்றம் வேண்டுமென்று 74.3 வீதத்தினர் வாக்களித்தார்கள். படத்தின் நாயகன் வில்லியம் வாலஸ் ஸ்டேர்லிங் பாலத்தில் வென்ற நாளின் எழுநூறாவது ஆண்டு நிறைவு அது. அதை வைத்துப் படம்தான் வாக்கைப் போட்டது என்று பேசுவோரை நான் நம்புவதில்லை. தட்சர் ஆட்சியும், மூடிய சுரங்கங்களும், ஸ்கொட்லாந்து மக்களிடம் முதலில் பரீட்சித்துப் பார்த்த தலைவரியும் போட்ட வாக்கு அது. 2014இலும் அப்படித்தான். நாணயம், ஓய்வூதியம், எண்ணெய் என்று வீட்டு வாசலில் விவாதித்தார்கள். 84.6 வீதம் பேர் வந்து வாக்களித்தார்கள், 55.3 வீதம் 'வேண்டாம்', 44.7 வீதம் 'வேண்டும்'. ஜேமியாக நடித்த சாம் ஹியூவன் 'வேண்டும்' பக்கம் நின்றதைப் பகிரங்கமாகவே சொன்னார். தொடரைப் பார்த்த அமெரிக்க ரசிகைகளுக்கு வாக்கு இல்லை. வாக்கு இருந்தவர்களுக்குத் தொடர் இல்லை.

தொடர் செய்த வேலை வேறு. டூன் கோட்டைக்கும் கலோடன் மேட்டுக்கும் பஸ் பஸ்ஸாக ஆட்களைக் கொண்டுவந்தது. கலோடனில் ஃபிரேசர் குலத்தின் நினைவுக்கல்லைச் சுற்றி ரசிகர்கள் மிதித்து மிதித்துப் புல் செத்து, வேலி போட வேண்டியதாயிற்று. அந்தக் கல்லே 1881இல்தான் நட்டது.

தொடரின் நாலாம் பருவத்தைத்தான் நம் ஊரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கலோடனில் தோற்ற ஜேமி வட கரோலைனாவுக்குப் போகிறான். அங்கே அவனுடைய சித்தி ஜொகஸ்டா, அதே ஸ்கொட்லாந்துப் பேச்சோடு, கறுப்பின அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்துகிறாள். ஜேமி அந்தத் தோட்டத்தை ஏற்க மறுத்து, ஆளுநர் தரும் காணியை வாங்கிக்கொள்கிறான். அதன் எல்லையில் செரோக்கி மக்கள் இருக்கிறார்கள். காணி பறிபோனவன் காணி வாங்குகிறான். தொடர் அத்தோடு நிற்கிறது. சரித்திரம் இன்னும் கிழக்கே வந்து, டிக்கோயாவிலும் லிந்துலையிலும் பங்களா கட்டிக்கொண்டது.

பெயர்களோடு ஒப்பிட வேண்டியது வாக்காளர் இடாப்பை. 2014இல் ஸ்கொட்லாந்தில் வாக்களிக்க ஸ்கொட் இரத்தம் தேவையில்லை. அங்கே வசித்தால் போதும். 16 வயது ஆனவர்கள், ஐரோப்பிய ஒன்றியத்தவர், பொதுநலவாய நாட்டவர் எல்லாருக்கும் வாக்கு. வதிவிட அனுமதியோடு எடின்பரோவில் குடியிருந்த இலங்கையருக்கும் உண்டு. வெளிநாட்டில் வாழ்ந்த ஸ்கொட்லாந்து நடிகர் ஷோன் கொனரிக்கு இல்லை.

நம் எடின்பரோவில் நடந்தது தலைகீழ். 1947இல் நுவரெலியாத் தொகுதி சௌமியமூர்த்தி தொண்டமானைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தமும் வந்து, தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. வசித்தது போதாது, தகப்பன் பிறந்த பத்திரம் காட்டு என்றார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டார்கள். எந்தச் சர்வசன வாக்கெடுப்பும் நடக்கவில்லை. தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டிகளுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர்.

எஞ்சி நின்றோருக்கும் குடியுரிமை தரும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல் வந்தது. ஸ்கொட்லாந்து தன் அடுத்த வாக்கெடுப்பைக் கேட்டு நிற்கிறது. லண்டனின் சம்மதமில்லாமல் நடத்த முடியாதென்று 2022 நவம்பரில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எடின்பரோ, கிளாசோ, ஹொலிரூட், வேவர்லி லயங்களில் இருப்போர் கேட்பது நாடல்ல. ஒரு துண்டுக் காணியும் தங்கள் பெயரில் ஒரு உறுதிப்பத்திரமும்.