நாற்பது காலும் ஒரு நீதிமன்றமும்: பழைய ஐபிஎம் பிசிக்குப் புது மூளை கிடைத்த கதை

இன்னைக்கு ஒரு சின்னக் கருப்புச் சில்லைப் பத்திப் பேசப் போறோம். நீளம் ரெண்டு அங்குலம். பக்கத்துக்கு இருபதா மொத்தம் நாற்பது கால். பார்க்க ஒரு மரவட்டை மாதிரி இருக்கும். பேரு வி20. ஜப்பானோட என்இசி கம்பெனி 1984-ல கொண்டு வந்தது.

இன்னைக்கும் பழைய ஐபிஎம் பிசி வச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட "இதுல என்ன மாத்தலாம்?"னு கேட்டா, முதல்ல வர்ற பதில்கள்ல ஒண்ணு இந்த வி20தான். உள்ளே இருக்கிற இன்டெல் ப்ராசஸரைக் கழட்டிட்டு, அதே இடத்துல இதைச் சொருகணும். வேற எதையும் தொட வேண்டாம். மெஷின் கொஞ்சம் வேகமா ஓடும்.

கேட்க ரொம்பச் சாதாரணமா இருக்கு இல்லையா? ஆனா ஒரு கம்பெனியோட மூளையை எடுத்துட்டு இன்னொரு கம்பெனியோட மூளையை வைக்கலாமா, அப்படி ஒரு மூளையை இன்னொருத்தர் செய்யவே கூடாதா? இந்தக் கேள்வி அமெரிக்க நீதிமன்றத்துல நாலு வருஷத்துக்கு மேல ஓடிச்சு. அந்தக் கதைதான் இந்த எபிசோடு.

ஒரே கடையை நம்பாத ஐபிஎம்

1981 ஆகஸ்ட். ஐபிஎம் தன்னோட பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிடுது. மாடல் எண் 5150. உள்ளே இருந்தது இன்டெல் 8088. சுமார் 29,000 டிரான்சிஸ்டர்கள், வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். இன்னைக்கு உங்க பாக்கெட்ல இருக்கிற போன்ல டிரான்சிஸ்டர்களைக் கோடிக்கணக்குலதான் எண்ணணும்.

அந்த 8088 போர்டுல ஒரு சாக்கெட்ல உட்கார்ந்திருந்தது. பக்கத்துலயே இன்னொரு சாக்கெட் காலியா இருந்தது. தசமக் கணக்கு நிறையப் போடுறவங்க பின்னாடி 8087-னு ஒரு துணைச் சில்லை வாங்கிச் சொருகிக்கலாம். அதாவது இந்த மெஷினைத் திறப்பாங்க, உள்ளே கை வைப்பாங்கன்னு முதல் நாள்லேர்ந்தே எதிர்பார்த்துச் செஞ்சது.

இன்னொரு முக்கியமான விஷயம். முகூர்த்த நாள்ல ஒரே ஒரு பால்காரரை நம்பி யாராவது கல்யாணச் சமையல் ஒத்துப்பாங்களா? ஐபிஎம்மும் ஒத்துக்கலை. அதே சில்லை இன்னொரு கம்பெனியும் தயாரிக்கணும்னு கேட்டாங்க. இன்டெல் 1982-ல ஏஎம்டி கூட ஒப்பந்தம் போட்டது இந்தப் பின்னணியிலதான். என்இசியும் இன்டெல்கிட்ட உரிமம் வாங்கி 8086, 8088 சில்லுகளைச் செஞ்சுக்கிட்டு இருந்தது.

ஆக, அந்த நாற்பது கால் சாக்கெட் ஒரு கம்பெனியோட வீட்டு வாசல் இல்லை. பொதுத் தெரு மாதிரி ஆயிடுச்சு. எந்தக் கால்ல மின்சாரம் வரும், எந்தக் கால்ல தகவல் போகும்னு எல்லாருக்கும் தெரியும்.

அதே கால், வேற உடம்பு

என்இசி அடுத்து ஒரு படி மேலே போச்சு. இன்டெல் வரைபடத்தை அப்படியே பின்பற்றாம, தானே உள்ளே புதுசா வடிவமைச்சது. அதுதான் வி20. வெளியே அதே நாற்பது கால். உள்ளே சுமார் 63,000 டிரான்சிஸ்டர், 8088-ஐப் போல ரெண்டு மடங்குக்கு மேல.

அந்தக் கூடுதல் டிரான்சிஸ்டரை வச்சு என்ன செஞ்சாங்க? உதாரணத்துக்குப் பெருக்கலை எடுத்துப்போம். ரெண்டு 16-பிட் எண்களைப் பெருக்க 8088-க்கு கடிகாரம் 118 முதல் 133 தடவை துடிக்கணும். வி20-க்குச் சுமார் 30 துடிப்பு போதும். நினைவகத்துல ஒரு தகவல் எங்கே இருக்குன்னு முகவரி கணக்குப் போட அதுக்குத் தனியா ஒரு பகுதியே உள்ளே உண்டு.

அப்போ மெஷின் நாலு மடங்கு வேகமாயிடுமா? ஆகாது. பொதுவா 10 முதல் 30 சதவீதம்தான் கூடும். காரணம், ரெண்டு சில்லுமே வெளியுலகத்தோட பேசுறது எட்டு பிட் பாதை வழியாத்தான். சமையல்காரர் எவ்வளவு வேகமா இருந்தாலும், காய்கறி ஒரு சின்ன ஜன்னல் வழியாத்தானே உள்ளே வரணும்?

இன்னொரு விஷயமும் உண்டு. வி20-ல 8 மெகாஹெர்ட்ஸ், 10 மெகாஹெர்ட்ஸ்னு வகைகள் வந்தது. எதைச் சொருகினாலும் ஐபிஎம் பிசியில அது 4.77-லதான் ஓடும். வேகத்தை முடிவு பண்றது சில்லு இல்லை, போர்டுல இருக்கிற படிகம். அந்தப் படிகம் துடிக்கிறது 14.318 மெகாஹெர்ட்ஸ்ல. அதை மூணால வகுத்தா 4.77. ஏன் இப்படி ஒரு விசித்திரமான எண்? நாலால வகுத்துப் பாருங்க, 3.58 வரும். அமெரிக்கக் கலர் டிவியோட நிற சிக்னல் அலைவரிசை அதுதான். ஒரே படிகத்தை வச்சு டிவிக்கும் ப்ராசஸருக்கும் வேலையை முடிச்சிருக்காங்க.

சில்லு மாத்துறதை நான் ஒரு நண்பர் வீட்டுல பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். மின்சாரத்தைத் துண்டிச்சு, உடம்புல இருக்கிற நிலைமின்சாரம் போக ஒரு உலோகத்தைத் தொட்டுட்டு ஆரம்பிச்சார். சின்ன ஸ்க்ரூ டிரைவரால ஒரு முனையைக் கொஞ்சம், அடுத்த முனையைக் கொஞ்சம்னு மாத்தி மாத்தி நெம்பினார். ஒரே பக்கம் நெம்பினா கால் வளைஞ்சிடும். புதுச் சில்லோட கால்கள் கொஞ்சம் அகலமா விரிஞ்சிருக்கும், அதை மேஜையில மெதுவா அழுத்தி நேராக்கணும். சில்லோட ஒரு முனையில சின்னப் பள்ளம் இருக்கும். அது சாக்கெட்ல இருக்கிற பள்ளத்தோட ஒரே திசையில பொருந்தணும். திருப்பிப் போட்டா சில்லு போச்சு. அவ்வளவுதான் வித்தை. பத்து நிமிஷத்துல ஆயிடுச்சு.

சாம்பார் யாருக்குச் சொந்தம்?

இன்டெல்லுக்கு இது பிடிக்கலை. அவங்க கோபம் கால்களைப் பத்தி இல்லை. உள்ளே இருந்த மைக்ரோகோடு பத்தி.

மைக்ரோகோடுன்னா என்ன? "பெருக்கு"னு நீங்க ஒரு கட்டளை கொடுத்தா, அதைச் சில்லு சின்னச் சின்னப் படிகளாப் பிரிச்சுத்தான் செய்யும். அந்தப் படிகள் சில்லுக்குள்ளேயே எழுதி வச்சிருக்கும், செய்முறைக் குறிப்பு மாதிரி. என் குறிப்பைப் பார்த்து எழுதிட்டீங்கன்னு இன்டெல் சொன்னது. 1984 டிசம்பர்ல என்இசியே முந்திக்கிட்டு, "நாங்க காப்பியடிக்கலைன்னு தீர்ப்பு கொடுங்க"ன்னு கலிபோர்னியாவுல வழக்குப் போட்டது.

1986-ல நீதிபதி வில்லியம் இங்கிராம், மைக்ரோகோடுக்குப் பதிப்புரிமை உண்டுன்னு தீர்ப்பு சொன்னார். ஆனா அவர் இருந்த ஒரு முதலீட்டுக் குழுகிட்ட இன்டெல் பங்குகள் இருந்தது தெரிய வந்தது. அவரோட பங்கு வெறும் 80 டாலர் அளவு. ஆனாலும் அவர் விலகினார், தீர்ப்பும் ரத்தாச்சு. வழக்கு நீதிபதி வில்லியம் கிரேகிட்டப் போய், திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பம்.

இப்போ என்இசி ஒரு அருமையான சாட்சியைக் கொண்டு வந்தது. கேரி டேவிடியன்னு ஒரு பொறியாளர். இன்டெல்லோட மைக்ரோகோடை அவருக்குக் காட்டலை. சில்லு என்ன செய்யணும், உள்ளே என்னென்ன வசதி இருக்குன்னு மட்டும் சொல்லி, நீங்களே எழுதுங்கன்னு விட்டாங்க. அவர் எழுதினதும் பல இடங்கள்ல இன்டெல் எழுதினது மாதிரியே இருந்தது.

இதை இப்படி யோசிச்சுப் பாருங்க. சந்திச்சே இல்லாத ரெண்டு பேரைச் சாம்பார் செய்முறை எழுதச் சொன்னா, ரெண்டு பேருமே பருப்பை வேக வை, புளியைக் கரைச்சு ஊத்துன்னுதான் எழுதுவாங்க. அது திருட்டு இல்லை. சாம்பார் அப்படித்தான்.

1989 பிப்ரவரியில தீர்ப்பு வந்தது. மைக்ரோகோடுக்குப் பதிப்புரிமை உண்டு, இதுல இன்டெல் ஜெயிச்சது. ஆனா உரிமம் வாங்கிச் செஞ்சவங்க விற்ற ஏராளமான சில்லுகள்ல பதிப்புரிமைக் குறிப்பு அச்சாகலை. அப்போதைய சட்டப்படி அது கட்டாயம். அதனால இந்தச் சில்லுகள்ல இன்டெல் அந்த உரிமையை இழந்துடுச்சுன்னு சொன்னார் நீதிபதி. அதைவிட முக்கியமா, என்இசி காப்பியடிக்கலைன்னும் சொன்னார்.

கோட்டைக்குக் கதவு

இந்தத் தீர்ப்பு வர்றதுக்குள்ளே 8088 பழசாயிடுச்சு. ஆனா அந்தச் சண்டையோட அர்த்தம் பழசாகலை. அதே வேலையைச் செய்யுற சில்லை இன்னொருத்தர் சொந்தமா எழுதிச் செய்யலாம்னு நிலைச்சது. இன்டெல் 386-ஐ மத்தவங்களுக்குக் கொடுக்க மறுத்தபோதும், 1991-ல ஏஎம்டி தன்னோட 386-ஐக் கொண்டு வந்தது. அடுத்த வருஷம் 386 சாக்கெட்லயே சொருகுற மாதிரி சைரிக்ஸ் ஒரு சில்லு விட்டது.

அப்புறம் போட்டி சில்லுலேர்ந்து சாக்கெட்டுக்கு மாறிச்சு. 1997-ல பென்டியம் 2 வந்தப்போ சாக்கெட்டே இல்லை, ஸ்லாட் 1-னு இன்டெல்லுக்கே சொந்தமான ஒரு இணைப்பு. ஏஎம்டி 1999-ல தனக்குன்னு ஸ்லாட் ஏ வச்சுக்கிட்டது. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி, ஆனா ஒண்ணுல போடுறதை இன்னொண்ணுல போட முடியாது. பொதுத் தெருவுக்கு கேட் போட்டாச்சு. இன்னைக்கு நிறைய லேப்டாப்ல ப்ராசஸரை போர்டுலயே சால்டர் பண்ணிடறாங்க. கேட்டும் இல்லை, சுவர்தான்.

மெலிசா இருக்கு, மலிவா இருக்குன்னு அதுக்குக் காரணங்கள் உண்டு, அதை நான் மறுக்கலை. ஆனா காசு கொடுத்து வாங்கின பொருளோட ஆயுசை யார் தீர்மானிக்கிறதுங்கிற கேள்வி அதுக்குள்ளேயே இருக்கு. அந்த நாற்பது கால் காலத்துல அதுல வாங்கினவருக்கும் ஒரு பங்கு இருந்தது.

கடைசியா ஒரு சுவாரசியம். 2015-ல 8088 எம்பிஎச்-னு ஒரு டெமோ வந்தது. பழைய ஐபிஎம் பிசியில முடியவே முடியாதுன்னு நினைச்ச வண்ணங்களை அது திரையில காட்டும். ஆனா 8088-ஓட ஒவ்வொரு துடிப்பையும் எண்ணி எழுதின நிரல் அது. வி20 போட்டிருந்தா வேகம் மாறி, காட்சி குலைஞ்சிடும். அதனால வி20-க்கு மாறினவங்க பழைய 8088-ஐத் தூக்கிப் போடாம பஞ்சுல குத்திப் பத்திரமா வச்சிருக்காங்க. தேவைப்பட்டா திரும்பக் கழட்டி, திரும்பச் சொருகலாம். எது உள்ளே இருக்கணும்னு முடிவு பண்றது மெஷினை வச்சிருக்கிறவங்கதான்.

உங்க வீட்டுப் பரண்ல பழைய மெஷின் ஏதாவது கிடந்தா, ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்க. உள்ளே சாக்கெட் இருக்கா, சால்டரான்னு பார்த்து எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.