தவிட்டுப் பழமும் நீலகிரிப் புல்வெளியும்

நீலகிரி மலையின் உயர்நிலத்தில், சோலைக்காடு முடிந்து புல்வெளி தொடங்கும் விளிம்புகளில் தானாகவே வளரும் புதர்ச்செடி தவிட்டுச் செடியாகும். கொய்யாவும் நாவலும் அடங்கிய தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த இதனைத் தாவரவியலார் ரோடோமிர்ட்டஸ் டோமென்டோசா என்பர். இதன் தடித்த இலைகள் எதிரெதிராக அமைந்து, அடிப்புறத்தில் வெண்சாம்பல் நிற மென்மயிர் போர்த்திருக்கும். இளஞ்சிவப்புப் பூக்கள் உதிர்ந்தபின் திரளும் சிறு கனி, உச்சியில் புல்லிவட்டம் எனப்படும் பூவின் வெளியிதழ்களைச் சுமந்தபடியே கருஊதாவாகப் பழுத்து இனிக்கும். இம்மலையில் வாழும் படகர் சமூகத்தினர் இதனைத் 'தவுட்டு ஹண்ணு' என்று அழைத்து விரும்பி உண்டுவந்தனர். பின்னாளில் குடியேறிய ஆங்கிலேயரும் இதில் ஜாம் காய்ச்சினர்.

சோலை என்பது ஈரம் தங்கும் மலைமடிப்புகளில் குட்டையான மரங்கள் நெருங்கி வளர்ந்த பசுமைமாறாக் காடு. அதனைச் சூழ்ந்த சரிவுகளில், உறைபனியும் தீயும் மரக்கன்றுகளைத் தலையெடுக்க விடாததால், புல்வெளியே பரந்திருந்தது. நெருப்பில் கருகினாலும் அடித்தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும் இயல்பு தவிட்டுச் செடிக்கு உண்டு. ஆகவே வெயில் தாராளமாக விழும் அந்த விளிம்பு நிலம் அதற்கு ஏற்ற இடமாயிற்று. இம்மலையின் பழங்குடியினரான தோடர்கள் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்து வந்ததும் அப்புல்வெளி திறந்த வெளியாகவே நீடிக்கத் துணைசெய்தது.

1819ஆம் ஆண்டு கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பகுதிக்கு வந்தபின் இந்நிலத்தின் போக்கு மாறத் தொடங்கியது. விறகுத் தேவைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் 1843இல் தைலமரமும் கொண்டுவரப்பட்டன. 1860களில் மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து தரும் சின்கோனாவும், அதனையடுத்துத் தேயிலையும் சரிவுகளில் பரவின. மரமில்லாத நிலத்தைப் பயனற்ற தரிசாகக் கருதிய வருவாய்க் கண்ணோட்டம் விடுதலைக்குப் பின்னரும் மாறவில்லை. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையும், சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் மரக்கூழுக்காகத் தைலமரமும் புல்வெளிகளில் பெருமளவில் நடப்பட்டன. அடர்நிழல் கவிந்த இடங்களில் புல்லும், புல்வெளி விளிம்பை நம்பியிருந்த தவிட்டுச் செடியும் பின்வாங்கின.

இதே செடி, அழகுக்காகக் கொண்டுசெல்லப்பட்ட ஹவாய்த் தீவுகளிலும் ஃபுளோரிடாவிலும் மண்ணின் தாவரங்களை நெருக்கும் களையாகிவிட்டது என்பது கருதத்தக்கது. பிறந்த மண்ணில் சோலைக்கும் புல்லுக்கும் இடையே அளவோடு வாழ்ந்த ஒன்று, வேற்று மண்ணில் ஆக்கிரமிப்பாக மாறியது. ஆஸ்திரேலியச் சீகை நீலகிரியில் செய்ததும் இதுவே. ஆகவே ஒரு செடியின் நன்மை தீமையை அது வேரூன்றிய இடத்தை விலக்கிவிட்டு மதிப்பிட இயலாது.

இன்று நீலகிரியில் அயல்மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் முயற்சிகள் நடந்துவருகின்றன. அம்மீட்பில் சோலையையும் புல்லையும் மட்டுமன்றி, அவ்விரண்டும் சந்திக்கும் விளிம்பையும் தனியே பேணுவது அவசியம். அந்த விளிம்பு அழிந்தால் தவிட்டுப் பழத்துக்கு நீலகிரியில் இடமிராது.